பெட்டி மூடுமுன் எடுத்த படம்

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் டேரில் நின்றுகொண்டிருந்தான். பவுலினின் ரத்தம் கொதித்ததற்குக் காரணம் அதுதான். அப்பாவை அடக்கம் செய்த அன்று டேரில் கனடாவில் இருந்தான்.

பள்ளிக்கூட ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி, அவள் அந்த வாட்ஸ்அப் படத்தை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினாள். சந்தேகமே இல்லை, அவளுடைய தம்பிதான். கறுப்புக் கோட்டு, ஒரு கையில் ஜெபமாலை, முகத்தில் பல் தெரியாத சோகம். இன்னொரு கை அன்னம்மாள் அத்தையின் தோளில் ஆறுதலாக விழுந்திருந்தது. படத்துக்குக் கீழே போட்டோகிராபர் சுனில் எழுதியிருந்தான்: ‘அக்கா, ஃபைனல் ரெடி. ஓகேன்னா ஃப்ரேம் போட்டுடறேன்.’

பவுலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கோபம் வந்தால் அவள் முதலில் செய்வது அதுதான். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபீஸ் கவுண்டர் பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பவுலினின் சொந்தக்காரர்களில் கல்யாண ஆல்பம் இல்லாத வீடுகூட உண்டு, பெட்டிப் படம் இல்லாத வீடு கிடையாது. பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் காபி ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தலைமாட்டில் நின்றார்கள், யாரைக் கால்மாட்டுக்குத் தள்ளினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோர்ட்டில் செல்லாது என்பது ஒன்றுதான் குறை.

அவளுடைய அப்பா சின்னப்பாவின் படத்தில் தலைமாட்டில் நின்றது பவுலின். வெள்ளைப் புடவையில், பெட்டியின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றிருந்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சுனில் அந்தப் படத்தை அனுப்பியபோது அவள் முதன்முறையாக உட்கார்ந்து அழுதாள். வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அவளுக்குத் தன்னைப் பிடித்திருந்த படம் அது. அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் ஊட்டிவிட்டதற்கும், குளிப்பாட்டியதற்கும், வந்த வரன்களையெல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதற்கும் யாரும் அவளுக்கு மாலை போட்டுவிடவில்லை. தலைமாட்டில் அந்த ஓர் இடம் கிடைத்தது. அது அவளுக்குப் போதும். ஆனால் வராதவனும் வந்தவளும் ஒரே படத்தில் சரிசமமாக நின்றால், அந்த இடத்துக்கு என்ன மதிப்பு?

கனடாவில் அப்போது விடிந்திருக்காது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"டேரில், நீ எப்படா வந்த?"

"எங்கக்கா?" தூக்கக் கலக்கத்தில் கேட்டான்.

"டாடி அடக்கத்துக்கு."

மறுமுனையில் அவன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அது வந்துக்கா... என் பசங்க நாளைக்குப் பாக்கறப்போ தாத்தா பக்கத்துல நான் இல்லன்னா நல்லா இருக்காதுன்னு..."

"நல்லா இருக்காதுதான். வராதவன் படத்துல இல்லாமதான் இருப்பான்."

"பாஸ்போர்ட்டை ரினியூவலுக்குக் குடுத்திருந்தேன். உனக்குத் தெரியாததா? நம்ம டீனா போனைத் தூக்கிப் புடிச்சிட்டு நின்னா, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வீடியோவுல பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"நானும்தான் டிவியில கிரிக்கெட் பாக்கறேன். ஸ்டேடியத்துல இருந்தேன்னு சொல்லிக்கறேனா?"

"அக்கா, ஒரு நிமிஷம் கேளு. நான் முதல்ல சுனிலுக்குப் போன் பண்ணதே இதுக்கு இல்ல. அன்னிக்கு..."

"வேற எதுக்கு, கோட்டு அளவு குடுக்கவா?" என்று கேட்டுவிட்டுப் பவுலின் போனை வைத்தாள்.

அந்தக் கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். சுனிலின் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே கோட்டு அது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவன் அதைத்தான் மாட்டிவிடுவான். மளிகைக்கடை ரவிக்குமார் தன் பிறந்தநாள் பேனரில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஊரைக் கும்பிட்டார். லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் ஒரு தடவையாவது போட்டுக் கழற்றிய கோட்டில் தன் தம்பி அப்பாவுக்குத் துக்கம் கொண்டாடுகிறான் என்று நினைக்க அவளுக்கு இன்னும் எரிந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த சுனிலின் ஸ்டுடியோவுக்கு ஆட்டோ பிடித்தாள்.

சுனில் ஒரு குழந்தையின் முதல் நற்கருணைப் படத்தில் பல்லை வெளுத்துக்கொண்டிருந்தான். பவுலினைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"யாரைக் கேட்டு அவனைச் சேர்த்த?"

"டேரில் அண்ணன் கேட்டாருக்கா. ஃபேமிலி மேட்டரு, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"அவன் கையில ஜெபமாலை எப்படி வந்துச்சு? பிறந்ததுலேர்ந்து அவன் அதைத் தொட்டதே இல்லையே."

சுனில் தரையைப் பார்த்தான். "கையில பீர் டின் இருந்துச்சுக்கா. பார்பிக்யூ பார்ட்டியில எடுத்த போட்டோதான் அனுப்பினாரு. டின்னை எடுத்துட்டு ஜெபமாலை வெச்சேன். சிரிச்சுட்டு வேற இருந்தாரு, வாயை மூடினேன்."

"அவனுக்கு விசா குடுக்கறதுக்கு நீ யாருடா? கனடாவுல இருந்தவனை நீயா கொண்டாந்து என் வீட்டு ஹால்ல இறக்குவ?"

"அக்கா, இப்பல்லாம் எல்லாரும் பண்றாங்க."

"எல்லாரும் பண்ணட்டும். என் அப்பா படத்துல கேமரா எதைப் பாத்துச்சோ அதுதான் இருக்கணும். மத்ததெல்லாம் பொய். அவனைத் தூக்கு."

பயம் வந்தால் சுனிலுக்குக் கன்னடம் வந்துவிடும். "பேடா அக்கா," என்றான். அப்புறம் தமிழுக்கு வந்தான். "வேணாம்க்கா. ஒண்ணுல கை வெச்சா இன்னொண்ணும் வெளிய வரும். அந்தப் படத்தை அப்படியே விட்டுடறது எல்லாருக்கும் நல்லது."

"எனக்கு எது நல்லதுன்னு நீ சொல்லாத."

"சரி, பெரிய ஃபைல் வீட்டுல ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. நாளைக்குப் பாத்து..."

"நாளைக்கு வரைக்கும் அவன் என் அப்பா பக்கத்துல நிக்கணுமா? இப்பவே எடு. நான் இங்கயே நிக்கறேன்."

அவள் தலைக்குமேல் நிற்க, சுனில் அவசர அவசரமாக மவுசை நகர்த்தினான். கோட்டு போயிற்று. ஜெபமாலை போயிற்று. டேரிலின் முகம் பாதியாகி, கால்வாசியாகி, அவன் பின்னால் இருந்த ஜன்னல் திரையாக மாறியது. பவுலினுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. படத்தைத் தன் போனுக்கு வாங்கி, அங்கே நின்றபடியே ஐம்பது பேர் இருந்த குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: ‘இதுதான் உண்மையான படம். வேறு எதையும் நம்ப வேண்டாம்.’

கண்ணாடி அப்போதும் அவள் கைப்பைக்குள் இருந்தது. அதனால், படத்தில் டேரில் முழுசாகப் போய்விட்டாலும், அன்னம்மாள் அத்தையின் தோளில் அவனுடைய கை மட்டும் தங்கிவிட்டதை அவள் பார்க்கவில்லை.

அன்னம்மாள் அத்தை பார்த்தாள்.

அத்தை என்றால் சின்னப்பாவின் ஒரே தங்கை. மர்பி டவுனில் இருப்பவள். கண்புரை ஆபரேஷன் செய்து புதுக் கண்ணோடு இருந்ததால் உலகத்தில் எதையும் தவறவிடுவதில்லை. மறுநாள் காலையில் ஜெபக்குழுப் பெண்கள் நாலைந்து பேரோடு இரண்டு ஆட்டோக்களில் வந்து இறங்கினாள். பவுலின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா பவுலின்? என் அண்ணன் என்னை விட்டுப் போகலடி." அத்தை போனை நீட்டினாள். கண்ணில் நீர் தளும்பியது.

பவுலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். அத்தையின் வலது தோளில் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. மணிக்கட்டோடு அது முடிந்து திரைச்சீலை ஆரம்பித்தது.

"பெட்டிக்குள்ள படுத்திருக்காரு, கை மட்டும் எந்திரிச்சு வந்து என் தோள்ல விழுந்திருக்கு," என்றாள் அத்தை. "ரெண்டு வருஷமா இந்தத் தோளைத் தூக்க முடியாம கெடந்தேன். இன்னிக்குக் காலையில நானே தலை வாரினேன்."

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். ஜெபக்குழுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அத்தை, அது டாடி கை இல்ல. டேரில் கை."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "டேரில் கனடாவுல இருந்தான். அவன் வரவே இல்லன்னு நீதானே ஊரெல்லாம் சொல்ற. அப்ப அவன் கை எப்படி இங்க வந்துச்சு?"

"சுனில் கம்ப்யூட்டர்ல ஒட்டினான். அப்புறம் நான் எடுக்கச் சொன்னேன். கையை மறந்துட்டான்."

"நேத்து நீதானே எழுதின, இதுதான் உண்மையான படம்னு?"

பவுலினுக்குக் கோபம் வந்தது. "கையை நல்லாப் பாருங்க அத்தை. வாட்ச் கட்டியிருக்கு. டாடி எப்பவாவது இவ்ளோ பெரிய வாட்ச் கட்டியிருக்காரா?"

"அங்க போனதும் குடுத்திருப்பாங்க," என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கை லிங்கராஜபுரம், மர்பி டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து கதவைத் தட்டினார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர், படத்தைத் தன் காலில் கொஞ்சம் வைத்து எடுக்க முடியுமா என்று கேட்டார். பங்குச் சாமியார் காதுக்குப் போனால் முப்பதாம் நாள் பூசையே நின்றுபோகும் என்று பவுலினுக்குப் பயம் பிடித்தது. பயத்தைவிடப் பெரிதாக எரிச்சல் பிடித்தது. எட்டு வருடம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது அவளுடைய கை. புகழ் பீர் டின் பிடித்தவன் கைக்குப் போகிறது.

அன்று சாயங்காலம் குடும்பக் குரூப்பில் அவள் எல்லாவற்றையும் உடைத்து எழுதினாள். சுனில் கம்ப்யூட்டரில் யாரை வேண்டுமானாலும் படத்தில் சேர்க்கிறான், எடுக்கிறான், டேரிலை அப்படித்தான் சேர்த்தான், அந்தக் கை அதன் மிச்சம், யாரும் ஏமாற வேண்டாம்.

யாரும் ஏமாறவில்லை. எல்லாருக்கும் ஆசைதான் வந்தது.

முதலில் சித்தப்பா மகள் டீனா கூப்பிட்டாள். ஒயிட்ஃபீல்டில் ஐடி கம்பெனி வேலை. "பவுலிக்கா, அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து அப்படியே ஓடி வந்தேனா, மஞ்சள் சுடிதார்ல நிக்கறேன். எனக்கும் ஒரு வெள்ளைப் புடவை மாத்தச் சொல்லேன். அப்படியே இடுப்பையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

"சாவு வீட்டுல எதுக்குடி இடுப்பு?"

"படம் எப்பவும் சுவத்துல இருக்கும் இல்லக்கா."

பிறகு இன்னொரு சித்தப்பா, மர்பி டவுனில் இருப்பவர், பேசினார். அவருடைய மனைவியைச் சேர்க்க வேண்டுமாம்.

"சித்தி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே சித்தப்பா."

"உயிரோட இருந்திருந்தா வந்திருப்பா இல்ல? டேரில் உயிரோட இருந்தும் வரல. அவனையே சேர்த்தாங்க."

பவுலின் போனை வைத்துவிட்டாள். அத்தையோ தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டாள். படத்தில் யாரைச் சேர்த்தாலும் எடுத்தாலும் சரி, கையைத் தொட்டால் தான் பூசைக்கு வரப்போவதில்லை.

கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பாமா வந்து வாசலில் நின்றாள். பவுலினுக்கு இருபது வருடப் பழக்கம். அடக்கம் நடந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது அவள்தான்.

"பவுலின், எல்லாரும் கேக்கறாங்கன்னு சொன்னாங்க. அன்னிக்குப் படம் எடுக்கறப்போ நான் உள்ள அடுப்பாண்ட நின்னுட்டேன். எனக்குப் புடவையெல்லாம் வேணாம். சும்மா ஒரு ஓரமா, பின்னால நிக்க வெச்சாப் போதும். அப்பா என்னை மகள்னுதான் கூப்பிடுவாரு."

மற்ற நேரமாக இருந்தால் பவுலின் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அன்று அவளுக்கு மண்டையில் இடமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"பாமா, டீ போட்டவங்க படத்துல வர மாட்டாங்க. அது அப்படித்தான். அந்த நேரத்துல அங்க நின்னியா, இல்லையா? நிக்கல. நிக்கலன்னா இல்ல. உனக்காக ஒரு பொய், டேரிலுக்காக ஒரு பொய்னு ஆரம்பிச்சா அப்புறம் அந்தப் படத்துக்குப் பேரு என்ன?"

பாமா, பவுலினுக்கென்று கொண்டு வந்திருந்த அவரைக்காய் பொரியலை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் டேரில் வந்தான். புதுப் பாஸ்போர்ட்டோடு நேராக ஏர்போர்ட்டிலிருந்து வந்தான். படத்து டேரிலுக்கு இல்லாத தொப்பை நிஜ டேரிலுக்கு இருந்தது. டீ ஷர்ட் போட்டிருந்தான். "கோட்டு எங்கப்பா?" என்று சித்தப்பா கேட்டதற்கு அவன் சிரிக்கவில்லை. அப்பாவின் காலிக் கட்டில் முன்னால் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். ஹாலில் இருந்து பவுலினுக்கு அது கேட்டது. வீடியோவிலேயே அழுதிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் ஹாலை நிரப்பிவிட்டார்கள். மறுநாள் பூசை. சுவரில் ஆணி அடித்தாயிற்று. எந்தப் படத்தை மாட்டுவது என்று மட்டும் முடிவாகவில்லை. கை இருக்கும் படம்தான் என்றாள் அத்தை. சித்தப்பா சித்தியோடு உள்ள படம் என்றார். டீனா தன் புடவையோடு உள்ளதாக எதுவானாலும் சரி என்றாள். சுனில் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றிருந்தான்.

"நிறுத்துங்க," என்றாள் பவுலின். "எந்தப் படமும் வேணாம். ஒரிஜினலை மாட்டுவோம். கேமராவுல எடுத்தது எடுத்தபடி."

டேரில் எழுந்து வந்தான். "அக்கா, என்னைத்தான் எடுத்தாச்சு இல்ல, விடு. நான் கேட்டது தப்புதான். நீ தலைமாட்டுல நிக்கற அந்த முதல் படத்தையே மாட்டிடலாம். அதுல நீ நல்லா இருக்க."

"உன் பிச்சை எனக்கு வேணாம்டா. நான் நின்ன இடத்துல நான் நிக்கறேன். நீ யாரு எனக்கு இடம் குடுக்க?"

"சரி, இடம் உன்னுதுதான். சண்டை வேணாம்னுதான் சொல்றேன். ஒரிஜினல் எதுக்குக்கா இப்ப?"

"ஏன், பயமா இருக்கா? நீ இல்லாத படத்தை எல்லாரும் பெரிசாப் பாத்துடுவாங்கன்னு பயமா?"

"அப்படி இல்லக்கா."

"அப்படித்தான்." பவுலினின் குரல் உயர்ந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து டாடியை வீட்டுக்குக் கொண்டாந்தது யாரு? ஐஸ் பெட்டி ஓடலன்னு மெக்கானிக் வீட்டு வாசல்ல போய் நின்னது யாரு? கல்லறைத் தோட்டத்துல மம்மி பக்கத்துல இடம் கேட்டு மல்லுக்கட்டினது யாரு? சாமியாருக்குப் போன், பாட்டுக் குழுவுக்குப் போன், பந்தல்காரனுக்குப் போன். அன்னிக்கு ஒரு நிமிஷம் நான் ஒரு இடத்துல நின்னேனா? நீ சோபாவுல உக்காந்து செல்லுல பாத்துட்டு இருந்த. பாத்துட்டு, பீர் டின்னை வெச்சுட்டு, ஜெபமாலையைப் புடிச்சுட்டு வந்து என் பக்கத்துல நிக்கற."

சித்தப்பா தன் மனைவியின் பழைய படத்தைச் சட்டைப்பைக்குள் மெல்லத் திருப்பி வைத்தார். டேரில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாயைத் திறக்காதது பவுலினுக்கு இன்னும் தைரியம் கொடுத்தது.

"சுனில், ஒரிஜினல் கொண்டாந்திருக்கியா?"

"இருக்குக்கா. ஆனா பேடா அக்கா. நானே நாளைக்குக் காலையில நல்லதா ஒண்ணு ஃப்ரேம் போட்டு..."

"டிவியில போடு. இவன் இல்லாததை எல்லாரும் பாக்கட்டும்."

சுனில் டேரிலைப் பார்த்தான். டேரில் வேண்டாமென்று லேசாகத் தலையசைத்தான். பவுலின் அதைப் பார்த்துவிட்டாள்.

"அவனை என்ன பாக்கற? இது என் வீடு. போடு."

சுனில் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பென் டிரைவைச் செருகினான். நீல நிறமாக இருந்த திரை ஒரு தடவை மினுக்கியது. பிறகு படம் வந்தது. சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமும் துல்லியமாகத் தெரிந்தது. நடுவில் சின்னப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். மஞ்சள் சுடிதாரில் டீனா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அன்னம்மாள் அத்தையின் தோளில் எந்தக் கையும் இல்லை. அவள் பக்கத்தில் டேரிலும் இல்லை.

"பாத்தீங்களா," என்றாள் பவுலின். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டாள். வெற்றியை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

பார்த்தாள். அப்பாவின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன்மேல் யாரோ கழற்றி வைத்த ஸ்வெட்டர் கிடந்தது. வேறு யாரும் இல்லை.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பெட்டி விளிம்பின் வெல்வெட்டு அவளுடைய உள்ளங்கைக்கு இன்னும் நினைவிருந்தது. திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"டேய் சுனில், இதென்ன புது அக்கிரமம்? அவனை எடுக்கச் சொன்னா என்னையே எடுத்துட்டியா? இவன் எவ்ளோ குடுத்தான் உனக்கு?"

"அக்கா, விடுக்கா," என்றான் டேரில்.

"நீ பேசாத. இவன் சொல்லட்டும். நான் எங்கடா? என்னை எங்க எடுத்துப் போட்ட?"

சுனில் டிவியைப் பார்த்தான், டேரிலைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை கன்னடம் கலக்காமல் சொன்னான்:

"உங்களை நான் எடுக்கலக்கா, நீங்க இதுல இருந்ததே இல்ல, அப்போ நீங்க கல்லறைக்குப் போற வண்டி உள்ள வர முடியலன்னு தெருமுனையில சண்டை போட்டுட்டு இருந்தீங்க, இந்த அண்ணன்தான் வீடியோவுல பாத்துட்டு, ‘எங்கக்கா இல்லாம எங்க டாடிக்கு என்னடா படம், முதல்ல அவளைத் தலைமாட்டுல நிக்க வை’ன்னு எனக்குப் போன் பண்ணி அழுதாரு."